காற்று ஓய்ந்த பிறகு வரும் வெள்ளம்

காற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கடலூர்க் கரையோரத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்துப் புகட்டிய பாடம் அது. தாழங்குடாவில் புயல் கூண்டு ஏற்றும் செய்தி வருவதற்கு முன்பே ஃபைபர் படகின் இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். படகை டிராக்டரில் கட்டி மேட்டுக்கு இழுத்துவிடுவார்கள். தகரக் கூரைமேல் பழைய வலையை விரித்து, அதன் ஓரங்களில் மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மூட்டையைச் சும்மா கூரைமேல் ஏற்றி வைத்தால் உருண்டுபோகும், தகரமும் பறக்கும். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் கீழ் மட்டைகளையும் முற்றிய குலைகளையும் இறக்கி மரத்தின் தலைப்பாரத்தைக் குறைக்கிறார்கள். 2018-ல் ‘கஜா’ புயல் காவிரி டெல்டாவின் தோப்புகளைச் சாய்த்த பிறகு இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் குறைவு.

சரி, காற்று அடித்து ஓய்ந்துவிட்டது. அப்புறம்?

‘புயல் கரையைக் கடந்தது’ என்று டி.வி.யில் போட்டதும் முகாமில் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிடுகிறோம். எனக்குப் பயம் அந்த நேரத்தில்தான். 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய கையோடு போய்விடாமல் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மேற்கே நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் இறங்கியது. அணைக்கு வருகிற தண்ணீரைத் தேக்கிவைக்க இடமில்லாதபோது திறந்துதானே ஆக வேண்டும் என்பார்கள்; அதுவும் நியாயம்தான். ஆனால் ஆற்றின் கடைசியில், கடலூர் அருகே இருக்கும் கண்டக்காடு, நாணமேடு, உச்சிமேட்டுக்காரர்களுக்கு அந்த நியாயம் இடுப்பளவுத் தண்ணீராக வந்து சேர்கிறது. அதுவும் வானம் வெளுத்து, துணி காயப்போட்ட பிறகு.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டியிருந்தாலோ, கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தாலோ கதை இன்னும் மோசம். ‘கடல் தண்ணிய வாங்கல’ என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். ஆறு போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பும். மணலை வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டட்டும், நல்லதுதான்.

என் கவலை வேறு. காற்று முதலில் சாய்ப்பது மின்கம்பத்தை. ‘கஜா’வில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் போனால் போனில் சார்ஜ் நிற்காது. டவரில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கும்வரைதான் சிக்னல். வெள்ள எச்சரிக்கையோ இன்று பெரும்பாலும் போனில்தான் வருகிறது, குறுஞ்செய்தியாகவும் வாட்ஸ்அப்பாகவும். ஆக, தண்ணீர் வருகிறது என்று சொல்ல வேண்டிய சாதனத்தைக் காற்று இரண்டு நாள் முன்னதாகவே அணைத்துவிட்டுப் போகிறது. அரிசி, மெழுகுவத்தி, பால் பவுடர் என்று பட்டியல் போட்டு வாங்குகிற நாம் இதை யோசிக்கிறோமா?

பேட்டரி ரேடியோ ஒன்று தெருவுக்கு இருந்தால் போதும். கோயில், மசூதி, தேவாலயம் எதுவாக இருந்தாலும் அதன் ஒலிபெருக்கியைக் கார் பேட்டரியில் ஓடவிட ஏற்பாடு வேண்டும். ராத்திரியில் கதவைத் தட்டி எழுப்ப இரண்டு இளைஞர்களை இன்ஜின் கழற்றும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். மாட்டைத் தறியிலிருந்து அவிழ்த்துவிடுவது அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். வீட்டுக்காரர் முகாமில் இருக்கும்போது கொட்டகையில் தண்ணீர் ஏறினால் கட்டிய மாடு என்ன செய்யும்?

முகாமிலிருந்து கிளம்புகிறவர்கள் கடல் அடங்கிவிட்டதா என்று பார்க்கிறார்கள். அது மட்டும் போதாது; சாத்தனூரில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்றும் கேட்டுவிட்டு, மாடி வீடுள்ள உறவினர் யாராவது இருந்தால் அங்கே இன்னும் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம்.