எல்லை தாண்டும்போது பிறக்கும் உரிமை: ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தாருக்கான வதிவிட அட்டை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஏதாவது ஒன்றின் குடியுரிமை வைத்திருப்பவர் மற்ற 26 நாடுகளில் எதிலும் குடியேறி வேலை பார்க்கலாம். ஆனால் மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும். அதனால் குடும்பத்தார் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அவரோடு வந்து வாழும் உரிமையை ஒன்றியம் அவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. 2004 ஏப்ரல் 29 அன்று பிறப்பிக்கப்பட்ட 2004/38 என்ற எண்ணுள்ள ஆணை இதற்கு அடிப்படை. உறுப்பு நாடுகள் 2006 ஏப்ரல் 30-க்குள் இதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், நார்வே ஆகிய மூன்றும் இதைப் பின்பற்றுகின்றன. சுவிட்சர்லாந்து, ஒன்றியத்தோடு தனியே செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக இதற்கு நெருக்கமான ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பிரிட்டனில் இந்த ஆணை 2020 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியக் குடிமக்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் இப்போது இருப்பது பிரிட்டனின் தனித் திட்டம்.

சொந்த நாட்டில் செல்லாது

இந்த உரிமையை நாடுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஐரோப்பியக் குடிமகன் தன் நாட்டை விட்டு வேறோர் உறுப்பு நாட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான். தன் சொந்த நாட்டிலேயே இருப்பவரின் குடும்பத்துக்கு அந்த நாட்டின் குடிவரவுச் சட்டம்தான் பொருந்தும்.

ஜெர்மனியில் ஒரே தெருவில் இரண்டு தமிழர்கள் வசிப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஜெர்மன் குடியுரிமை பெற்றவர். இன்னொருவர் நெதர்லாந்துக் குடியுரிமையோடு அங்கே வேலைக்கு வந்தவர். இருவருக்கும் மனைவி ஊரில் இருக்கிறார். ஜெர்மன் குடிமகனின் மனைவி ஜெர்மனியின் சட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும்; பொதுவாக அவர் ஏ1 நிலை ஜெர்மன் மொழித் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நெதர்லாந்துக் குடிமகனின் மனைவிக்கு மொழித் தேர்வு கிடையாது, விசாக் கட்டணமும் கிடையாது. சொந்த நாட்டில் இருப்பவரைவிட வெளியிலிருந்து வந்தவருக்குச் சலுகை அதிகம் என்று தோன்றினாலும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதே கணக்குத்தான். பிரான்சுக்கு அழைத்துப்போகும் இந்திய மனைவிக்குப் பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும். அதே தம்பதி பெல்ஜியத்தில் போய்க் குடியேறினால் ஒன்றியத்தின் சட்டம் பொருந்தும்.

சொந்த நாட்டில் செல்லாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை உருவாக்கியது சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கு. பிரிட்டிஷ் பெண்ணை மணந்த அவர் 1983 முதல் 1985 வரை மனைவியோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுப் பிரிட்டன் திரும்பினார். வேறொரு நாட்டில் வேலை செய்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பும் குடிமகளின் கணவருக்கும் ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. வார இறுதிப் பயணங்களை வைத்து இந்த வழியைக் கோர முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் அங்கே மெய்யாகவே குடியிருந்து குடும்பம் நடத்தியிருக்க வேண்டும் என்று 2014-இல் வந்த தீர்ப்பு தெளிவாக்கியது.

யார் யார் குடும்பம்?

ஆணை குடும்பத்தை இரண்டு வட்டங்களாகப் பிரிக்கிறது. உள்வட்டத்தில் இருப்பவர்களுக்கு உரிமை தானாகவே கிடைக்கும். கணவன் அல்லது மனைவி. 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த வயதைத் தாண்டியும் குடிமகனை நம்பி வாழ்பவர்கள். நம்பி வாழும் பெற்றோர், தாத்தா பாட்டி ஆகியோர் இதில் அடங்குவர். துணைவர் வழிப் பிள்ளைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் இதே இடம் உண்டு. பதிவு செய்த துணையுறவைத் திருமணத்துக்குச் சமமாக மதிக்கும் நாடுகளில் அப்படிப்பட்ட துணைவரும் சேர்வார். ருமேனியா தொடர்பான கோமன் வழக்கில் 2018-இல் வந்த தீர்ப்பின்படி, ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி மணந்த ஒரே பாலினத் துணைவரையும் வதிவிட உரிமைக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும். குடிமகன் மாணவராக இருந்தால் வட்டம் சுருங்கும்: துணைவரும் அவரை நம்பியிருக்கும் பிள்ளைகளும் மட்டுமே உள்ளே வருவார்கள்.

வெளிவட்டத்தில் இருப்பவர்கள், முந்தைய நாட்டில் குடிமகனை நம்பியிருந்த அல்லது ஒரே வீட்டில் அவரோடு வாழ்ந்த அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, சித்தப்பா மாமா போன்ற உறவினர்கள். கடும் நோயால் அவருடைய நேரடிப் பராமரிப்பு தேவைப்படுபவர்கள். திருமணம் செய்யாமல் நெடுநாள் சேர்ந்து வாழும் துணைவர். இவர்களுக்கு உரிமை தானாக வராது. ஆனால் அந்த நாடு ஒவ்வொருவரின் நிலையையும் விரிவாக ஆராய வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

நம்பி வாழ்வதை நிரூபிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி மட்டும் போதாது. சொந்த நாட்டில் இருந்தபோதே அடிப்படைத் தேவைக்கு அந்த உதவி வேண்டியிருந்தது என்று காட்ட வேண்டும் என்கிறது 2007-இல் வந்த ஜியா வழக்கின் தீர்ப்பு. தாய்க்கு மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிச் சீட்டுகள், மருந்துச் செலவுக்கான ரசீதுகள் போன்றவை இங்கே எடைபெறும். ஏன் உதவி தேவைப்பட்டது, வேலை தேடிப் பார்த்தாரா என்றெல்லாம் துருவிக் கேட்பதற்கு இடமில்லை என்று 2014-இல் ரெயஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது.

நுழைவு விசா

விசா தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன. குடிமகனோடு சேர்ந்து போகும் அல்லது அவரிடம் போய்ச் சேரும் குடும்ப உறுப்பினருக்கு இந்த விசாவைக் கட்டணமின்றி, விரைவான முறையில் கொடுக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் இழுப்பது நியாயமல்ல என்று ஐரோப்பிய ஆணையம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியது. பாஸ்போர்ட், உறவைக் காட்டும் சான்று, குடிமகன் அங்கே இருக்கிறார் அல்லது கூடப் போகிறார் என்பதற்கான ஆதாரம் ஆகியவையே இதற்குத் தேவை. ஷெங்கன் விசா விண்ணப்பப் படிவத்தைக் கூர்ந்து பார்த்தால் சில கட்டங்களின் அருகே நட்சத்திரக் குறி இருக்கும். வேலை என்ன, எங்கே தங்குவீர்கள், செலவை யார் ஏற்பார் என்பவை அவற்றில் அடங்கும். ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தார் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை.

குடிமகனும் குடும்பத்தாரும் முதல் மூன்று மாதங்கள் வேறு எந்த நிபந்தனையும் இல்லாமல் தங்கலாம். அதற்கு மேல் தங்க, குடிமகன் வேலையில் இருக்க வேண்டும், அல்லது சொந்தத் தொழில் செய்ய வேண்டும். இரண்டும் இல்லாதவர், அரசின் உதவித்தொகையை நாட வேண்டாத அளவு வருமானமும் முழுமையான மருத்துவக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். அந்த வருமானம் இவ்வளவு என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொகையை எந்த நாடும் விதிக்க முடியாது.

அட்டைக்கு விண்ணப்பம்

மூன்று மாதத்துக்கு மேல் தங்கும், ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத குடும்பத்தார் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான கெடு, வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அலுவலகமும் படிவமும் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் இ.எக்ஸ்-19, அயர்லாந்தில் இ.யு.1 என்ற படிவங்கள் உண்டு. ஜெர்மனியில் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தை அணுக வேண்டும். எந்த நாட்டில் விண்ணப்பித்தாலும், கேட்கக்கூடிய ஆவணங்களுக்கு ஆணை வரம்பு கட்டியிருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திருமண அல்லது பிறப்புச் சான்று, குடிமகன் அங்கே பதிவு செய்துகொண்ட சான்று, தேவைப்பட்டால் நம்பி வாழ்வதற்கான ஆதாரம் ஆகியவற்றோடு பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பெயரில் வருகிறது. திருமணச் சான்றில் இனிஷியலோடு இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடு விரிந்திருக்கும். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயரே இல்லாமலும் இருக்கும். குடும்பப் பெயரை முதலில் தேடும் ஐரோப்பிய அலுவலருக்கு இவை வெவ்வேறு ஆட்களாகத் தெரியலாம். கிளம்புவதற்கு முன்பே சான்றுகளைத் திருத்தி வாங்கிவிடுவது நல்லது. அது முடியாவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் உதவும். கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு அழைப்பிதழும் புகைப்படமும் சான்றாகா. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பதிவு கட்டாயம். ஆவணங்களை வெளிநாட்டில் செல்லச் செய்யும் அப்போஸ்டில் ஒப்பந்தம் 2005 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருப்பதால், மாநில அரசின் சான்றுறுதிக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையைப் பெறலாம். அந்தந்த நாட்டு மொழியில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் பல இடங்களில் தேவைப்படும்.

விண்ணப்பத்தைக் கொடுத்த உடனே, பெற்றுக்கொண்டதற்கான சான்றிதழை அலுவலகம் தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அட்டை வந்தாக வேண்டும். கட்டணம் வாங்கினால், அந்த நாட்டுக் குடிமக்கள் அதுபோன்ற ஆவணத்துக்குக் கட்டும் தொகைக்கு மேல் போகக்கூடாது.

வதிவிட உரிமையைப் படைப்பது அட்டை அல்ல. உறவும் குடிமகனின் குடியேற்றமும் சேர்ந்தபோதே உரிமை பிறந்துவிடுகிறது. அட்டை அதற்குச் சாட்சி மட்டுமே. ஆகவே அட்டை கையில் வராவிட்டாலும் குடும்ப உறுப்பினர் வேலைக்குப் போகலாம், தொழில் தொடங்கலாம். காலம் கடந்து விண்ணப்பித்தால் அபராதம் விதிக்கலாமே தவிர, உரிமை போய்விடாது. மெட்டோக் வழக்கில் நீதிமன்றம் 2008-இல் எடுத்த முடிவும் இதை ஒட்டியதே. கேமரூன் நாட்டவரான மெட்டோக்கின் அகதி விண்ணப்பத்தை அயர்லாந்து நிராகரித்திருந்தது. அங்கே வேலை பார்த்துவந்த பிரிட்டிஷ் குடிமகளை அவர் மணந்திருந்தார். வேறோர் உறுப்பு நாட்டில் முன்பே சட்டப்படி வசித்திருந்தால்தான் அட்டை என்றது அயர்லாந்து. அப்படி ஒரு நிபந்தனை போட முடியாது; திருமணம் எப்போது, எங்கே நடந்தது, அவர் எப்படி நாட்டுக்குள் வந்தார் என்பதும் பொருட்டல்ல என்றது நீதிமன்றம்.

அட்டை பொதுவாக ஐந்தாண்டு செல்லும். குடிமகன் அதைவிடக் குறைந்த காலமே தங்கப்போகிறார் என்றால் அந்தக் காலத்துக்கு. ஆண்டில் ஆறு மாதம் வரை வெளியே இருந்தாலும் அதன் செல்லுபடி கெடாது. பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற முக்கியக் காரணம் இருந்தால் ஒருமுறை தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வரை வெளியே இருக்கலாம். அட்டையோடு குடிமகனுடன் சேர்ந்து மற்ற உறுப்பு நாடுகளுக்குப் போக விசா வேண்டியதில்லை.

மறுத்தால்

மறுப்பை எழுத்தில், காரணத்தோடு தர வேண்டும். எங்கே, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். பொது ஒழுங்கு, பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் ஆகிய காரணங்களுக்காக உரிமையைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் பழைய குற்றத் தண்டனை ஒன்று இருப்பது மட்டுமே அதற்குப் போதாது. அந்த ஆளின் நடத்தை இப்போது மெய்யான, கடுமையான ஆபத்தாக இருக்க வேண்டும். அட்டைக்காகவே செய்துகொண்ட போலித் திருமணம் என்று நிரூபணமானால் உரிமையை மறுக்கலாம், கொடுத்ததைப் பறிக்கலாம். அலுவலகம் ஒன்றியச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தும்போது, உறுப்பு நாடுகள் 2002 முதல் நடத்திவரும் சால்விட் என்ற இலவசச் சேவையை அணுகலாம். அது நீதிமன்றம் அல்ல. மேல்முறையீட்டுக் கெடுவும் அதற்காக நிற்காது.

குடும்பம் குலைந்தால்

இந்த உரிமை குடிமகனின் உரிமையைச் சார்ந்தது என்பதால், அவர் இறந்தாலோ மணமுறிவு ஏற்பட்டாலோ என்ன ஆகும் என்ற கேள்வி எழும். இறப்புக்கு முன் குடும்ப உறுப்பினராக ஓராண்டு அங்கே வசித்திருந்தால் உரிமை தொடரும். திருமணம் மூன்றாண்டு நீடித்து, அதில் ஓராண்டாவது அந்த நாட்டில் கழிந்திருந்தால், மணமுறிவுக்குப் பிறகும் தொடரும். குடும்ப வன்முறைக்கு ஆளானவர், பிள்ளையின் பொறுப்பைப் பெற்றவர் ஆகியோருக்கு அந்த மூன்றாண்டுக் கணக்கு இல்லாமலே பாதுகாப்பு உண்டு. இப்படி உரிமையைத் தக்கவைப்பவர், நிரந்தர உரிமை பெறும்வரை வேலையிலோ போதிய வருமானத்திலோ தன் காலில் நிற்பதைக் காட்ட வேண்டும். தம்பதியர் பிரிந்து தனித்தனி வீட்டில் வாழ்வதால் மட்டும், சட்டப்படி மணமுறிவு ஆகாதவரை, உரிமை போகாது என்பது 1985-இல் டியாட்டா வழக்கிலேயே முடிவாகிவிட்டது.

ஐந்தாண்டுக்குப் பின்

குடிமகனோடு தொடர்ந்து ஐந்தாண்டு சட்டப்படி வசித்தவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும். முதல் அட்டை காலாவதியாகும் முன் இதற்கான அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதுவும் ஆறு மாதத்துக்குள் வந்துவிட வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த அட்டை தானாகப் புதுப்பிக்கப்படும். நிரந்தர உரிமை கிடைத்த பிறகு வருமானமோ காப்பீடோ காட்ட வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் அந்த நாட்டில் இல்லாமல் இருந்தால் இந்த உரிமையை இழக்க நேரிடும். குடியுரிமை பெறுவது இதிலிருந்து வேறானது. அதை எப்போது, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது.