மீனுக்கு முன் தண்ணீர்

திருகோணமலை நகரில் சுயதொழிலாக வர்ண மீன் வளர்க்க முன்வரும் பெண்களைப் பணியின்போது சந்திக்கிறேன். பலர் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விடுகிறார்கள். சில நாட்களில் மீன்கள் செத்து மிதக்கின்றன. கடன் மட்டும் மிஞ்சுகிறது. “எனக்குக் கைராசி இல்லை” என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

இது ராசியல்ல. மீனின் கழிவில் அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஒருவகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதனை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இவை பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் செல்லும்.

குழாய் நீரெனில் குளோரின் அகல ஒரு நாள் திறந்து வையுங்கள். கழுவிய ஆற்று மணலும் வடிகட்டியும் இட்டு, மீன் இல்லாமலே நாளாந்தம் ஒரு சிட்டிகை மீனுணவு போடுங்கள். முருகைக்கல் வேண்டாம், நீரின் காரத்தன்மை கூடினால் அமோனியாவின் நஞ்சும் கூடும். நன்றாக நடக்கும் தொட்டியுள்ள தோழியிடம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள், காத்திருப்புக் குறையும். நீரைச் சோதித்து அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று கண்டபின், முதலில் இரண்டு மூன்று குப்பி மீன்களை மட்டும் விடுங்கள்.

சகோதரிகளே, கடன் கேட்கும்போதே இந்த வாரங்களையும் கணக்கில் சேர்த்து, முதல் தவணைக்கு அவகாசம் கேளுங்கள். தண்ணீரைத் தயார் செய்வதும் தொழிலின் ஒரு பகுதிதான்.