கட்டுரை எழுதக் கற்பிக்கும் காணொளிகள்

உயர்தரப் பரீட்சையிலே சிறப்பாகச் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகள் பலர், முதலாவது ஒப்படையைக் கையிற் பெற்றதும் திகைத்து நிற்கின்றனர். பாடசாலையில் அவர்கள் தமிழிலே கற்றவர்கள். பல்கலைக்கழகத்திலோ மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலான துறைகளில் ஆங்கிலமே போதனாமொழி. பொருளை நன்குணர்ந்தவரும் அதனை ஆங்கிலத்தில் ஒரு பந்தியாக அமைக்க இயலாது இடர்ப்படுகின்றனர். அறிவில் யாதொரு குறையுமில்லை, பயிற்சியே போதாது.

இக்குறையை நீக்க இணையக் காணொளிகள் பெரிதும் துணைபுரிகின்றன. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்திலுள்ள பேர்டியூ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1976ஆம் ஆண்டில் மியூரியல் ஹரிஸ் என்னும் அம்மையார், மாணவர் தம் கட்டுரையுடன் வந்து ஐயந் தெளிவதற்கென எழுத்துக்கூடமொன்றைத் தொடங்கினார். 1994இல் அக்கூடம் இணையத்திலும் தன் வாயிலைத் திறந்தது. பாடக்குறிப்புகளோடு காணொளிகளும் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வவுனியாவில் இருக்கும் மாணவியும் தன் கைத்தொலைபேசியில் அவற்றைக் காணலாம்.

கட்டுரையின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் நிறுவுவது எவ்வாறு, ஒரு பந்திக்கு ஒரு கருத்தென வகுப்பது எவ்வாறு, உசாத்துணை நூல்களை ஒழுங்குபடக் குறிப்பது எவ்வாறு என்பனவற்றை இத்தகைய காணொளிகள் கண்முன்னே செய்து காட்டுகின்றன. விரிவுரையாளரிடம் ஒன்றைப் பத்துமுறை கேட்க நாணுவோர், காணொளியை நிறுத்தியும் மீட்டும் வேண்டியவாறு பார்க்கலாம். ஆங்கில உச்சரிப்பு விளங்காவிடின், திரையின் அடியில் வரும் எழுத்துகளை வாசிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எழுத்துத் திருட்டுப் பற்றிய பாடமாகும். தம் ஆங்கிலத்தில் நம்பிக்கையற்ற மாணவர், நூலிலுள்ள வாக்கியங்களை அவ்வாறே பெயர்த்தெழுதிவிடுகின்றனர். இரண்டொரு சொற்களை மாற்றிவிட்டால் அது தமதாகிவிடும் என்றும் எண்ணுகின்றனர். பகுதியை நன்கு வாசித்து, நூலை மூடிவைத்து, விளங்கியதைத் தம் சொற்களில் எழுதி, பின்னர் மூலத்துடன் ஒப்பிட்டு, ஆசிரியர் பெயரையும் குறிப்பதே நேரிய வழி. இதனையறியாது செய்த பிழை, பரீட்சைப் பெறுபேற்றையே பாதிக்கக்கூடும்.

எனினும், காணும் காணொளி யாவும் நமக்குப் பொருந்துமென்று கொள்ளலாகாது. சமூக விஞ்ஞானத் துறைகளிற் பயிலும் ஏ.பி.ஏ. முறையின் ஏழாம் பதிப்பு 2019இல் வெளிவந்தது. நூல் வெளியான நகரின் பெயரையும் எழுதவேண்டுமென்ற பழைய விதி அதில் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய காணொளியைப் பின்பற்றுவோர் வழிதவறுவர். ஆதலின், தம் துறை விதித்த முறை யாதென முதலில் அறிந்து, காணொளி வெளிவந்த ஆண்டையும் நோக்குதல் வேண்டும்.

கரையில் நின்று பார்த்தவன் நீந்தக் கற்றதில்லை. பத்து நிமிடம் பார்த்தபின் காணொளியை நிறுத்தி, தம் ஒப்படையின் ஒரு பந்தியையேனும் அம்முறைப்படி திருத்தி எழுதுவோரே பயன்பெறுவர். சொல்லவேண்டியதை முதலில் தமிழிலே தெளிவாகச் சிந்தித்துக் குறித்துக்கொள்வதும் நன்று. தெளிந்த கருத்து எம்மொழியிலும் எளிதில் வடிவு பெறும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கைத்தொலைபேசியை நோக்கியிருக்கக் கண்டவுடன் கடிந்துகொள்ளற்க. “இன்று என்ன எழுதினாய்?” என்று அன்போடு கேளுங்கள். எழுதிய தாளொன்று உங்கள் கைக்கு வருமாயின், அக்காணொளி தன் கடமையைச் செய்துவிட்டதென்று மகிழலாம்.