தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு

மக்காச்சோளமும் பருத்தியும் விலை போனால்தான் குன்னம் வட்டாரக் கடைகளில் பற்று அடையும். 2020 கொரோனா ஊரடங்கில் வசூல் நின்றது. மொத்தக்கடைப் பாக்கி நிற்கவில்லை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அதைத் தள்ளுபடி என்று நம்மில் சிலர் எண்ணிவிட்டோம். வட்டியோ ஓடிக்கொண்டே இருந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களில், வட்டிக்கு ஏறிய வட்டியை மட்டுமே மத்திய அரசு ஈடுசெய்தது.

விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் தண்டலுக்குப் போனவர்களும் உண்டு. தண்டலும் கந்து வட்டியும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மாதம் ஒருநாள் கடன் ஆலோசனை நடத்த, வேப்பூர் ஊராட்சி ஒன்றியம் இடமும் சிறு நிதியும் ஒதுக்க வேண்டுகிறோம். வணிகப் பெருமக்களே, கையெழுத்திடுமுன் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.