இறுகாத சக்கரம்: கார்ப் பிரேக்கின் காப்பு அமைப்பும் அதன் பழுதுகளும்

சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாகத் திருமலைக்குச் செல்லும் மோட்டார் கார்கள் ரேணிகுண்டாவைக் கடந்தே திருப்பதியை அடைகின்றன. அதுவரை பாதை பெரும்பாலும் சமதளமே. அதற்கப்பால் மலை தொடங்குகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிப் பாதைகள் உள்ளன. இறங்கும் வண்டிகள் செல்வது 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாதை. அதில் கொண்டை ஊசி வளைவுகள் மிகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்வளைவுகள் ஈரமுற்று வழுக்கும் தன்மையடைகின்றன. இத்தகைய பாதையில் இறங்கப் புறப்படும் வேளையில், ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் ‘ஏ.பி.எஸ்.’ என்னும் மஞ்சள் விளக்கு அணையாமல் எரியுமாயின், அதன் பொருள் யாது? வண்டி இறங்கத் தக்கதா? பழுதை எங்கே தேடுவது?

சக்கரம் இறுகினால் நேர்வது

பிரேக்கை வன்மையாக மிதிக்கும்போது, டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள பிடிப்பைவிடப் பிரேக்கின் விசை மிகுந்துவிட்டால், சக்கரம் சுழலாது இறுகிவிடுகிறது. வண்டி நிற்பதில்லை, சறுக்கிச் செல்கிறது. சறுக்கும் முன்சக்கரத்தை எப்பக்கம் திருப்பினும் வண்டி திரும்பாது. பின்சக்கரங்கள் முதலில் இறுகினாலோ வண்டி பம்பரம்போற் சுழல நேரும். தார்ச் சாலையில் டயரின் பிடிப்பு மிகுதியாக இருப்பது, சக்கரத்தின் சுழற்சி வண்டியின் வேகத்தைவிட ஏறத்தாழ 10 முதல் 20 சதவிகிதம் பின்தங்கியுள்ள நிலையிலேயாம். அந்நிலையைக் காப்பதே ஏ.பி.எஸ். அமைப்பின் பணி.

இவ்வெண்ணம் முதலில் பயன்பட்டது விமானங்களில். 1950-களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் ‘மாக்ஸரெட்’ என்னும் சாதனத்தை விமானச் சக்கரங்களில் பொருத்தியது. 1966-இல் அது ‘ஜென்சன் எஃப்.எஃப்.’ என்னும் காரில் இடம்பெற்றது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் நான்கு சக்கரங்களையும் காக்கும் அமைப்பை 1978-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமும் வெளியிட்டன. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் இது கட்டாயமாயிற்று.

இயங்கும் விதம்

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஓர் உணர்கருவி உள்ளது. சக்கரத்துடன் சுழலும் பல்வளையத்தையோ காந்த வளையத்தையோ அது கண்காணித்து, வேகத்தை மின்துடிப்புகளாக மாற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகிறது. ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென வேகங் குறையுமாயின், பெட்டி அச்சக்கரத்திற்குச் செல்லும் பிரேக் திரவத்தை ஒரு வால்வினால் தடுக்கிறது. மற்றொரு வால்வினால் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. சக்கரம் மீண்டும் உருண்டதும் அழுத்தத்தை ஏற்றுகிறது. இச்செயல் வினாடிக்குப் பலமுறை நிகழ்கிறது. அப்போது மிதி காலடியில் அதிர்வது இயல்பே. அதனைப் பழுதென அஞ்சிக் காலை எடுத்துவிடுதல் தவறு.

விளக்கு கூறும் செய்தி

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைதல் வேண்டும். அது அமைப்பின் தற்சோதனை. அணையாமல் எரிந்தால், பெட்டி தன்னைத்தானே செயலினின்றும் விலக்கிக்கொண்டது என்பது பொருள். சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். காப்பு மட்டுமே இல்லை. ஆகவே, ஓட்டுநர் மெதுவாகச் சென்று பட்டறையை அடையலாம். ஆனால் மஞ்சள் விளக்குடன் சிவப்புப் பிரேக் விளக்கும் எரியுமாயின் நிலைமை வேறு. கைப்பிரேக் விடுவிக்கப்பட்டிருந்தும் சிவப்பு விளக்கு அணையாவிட்டால், திரவம் குறைந்திருக்கலாம்; முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடும் செயலற்றிருக்கலாம். அவ்வண்டி மலையிறங்கத் தக்கதன்று.

பழுதைக் கண்டறிதல்

விளக்கு எரிந்தவுடன் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றிவிடுதல் பொருளையும் காலத்தையும் வீணாக்குவதாகும். அதுவே அமைப்பில் விலையுயர்ந்த பகுதி. எனினும் பழுது பெரும்பாலும் சக்கரத்தின் அருகேயே உள்ளது. சேறும் நீரும் உஷ்ணமும் அதிர்வும் தாக்குவது அவ்விடத்தைத்தானே?

முதற்கண் பாட்டரியின் மின்னழுத்தம், பியூஸ், திரவத்தின் அளவு, நான்கு டயர்களின் அளவும் காற்றும் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். அளவு மாறுபட்ட ஒரு டயர் வேறு வேகத்தில் சுழன்று பெட்டியைக் குழப்பக்கூடும்.

அடுத்து, ஸ்கேனர் கருவியினால் பெட்டியில் பதிவாகியுள்ள குறியீட்டை வாசித்து, அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ள வேண்டும். சான்றாக, ‘சி 0035’ என்பது இடது முன்சக்கர வேக உணர்கருவியின் மின்சுற்றைக் குறிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குறியீடு பழுதுள்ள சுற்றைக் காட்டுமேயன்றிப் பழுதுற்ற பொருளைக் காட்டாது. உணர்கருவியும், கம்பியும், இணைப்பும், வளையமும் அச்சுற்றில் அடங்கியவையே.

பின்னர், நேரான பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் ஒப்பிடலாம். மூன்று ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் இடையிடையே பூஜ்யமாக விழுமாயின் குற்றவாளி அதுவே. உலர்ந்த சாலையில், வண்டி நிற்கப்போகும் தறுவாயில் காரணமின்றி மிதி அதிர்ந்தால், விரிசலுற்ற பல்வளையத்தையோ துருவினால் விலகிய உணர்கருவியையோ ஐயுறலாம்.

பழைய வகை உணர்கருவி, காந்தத்தின்மேல் சுற்றிய கம்பிச் சுருளாகும். அதன் மின்தடை பல கார்களில் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ஓம் வரை இருக்கும். அந்தந்தக் காரின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. சக்கரத்தைக் கையாற் சுழற்றினால் சிறிதளவு மாறுதிசை மின்னழுத்தம் தோன்றும். புதிய வகைக்கு மின்சாரம் ஊட்டினாலன்றி வேலை செய்யாது; அதனை ஓம் அளவியினால் சோதித்தல் பயனற்றது, கேடும் விளைவிக்கலாம். அதற்கு மின்சாரம் வந்து சேர்கிறதா என்பதையே முதலில் காணவேண்டும்.

பழுது நீக்கல்

படிந்த சேற்றையும் இரும்புத் துகளையும் துடைத்தாலே சில பழுதுகள் நீங்கும். சக்கரம் திரும்புந்தோறும் வளையும் கம்பி, உறை கெடாமலே உள்ளே அறுந்திருக்கக்கூடும். கம்பியை அசைத்துக்கொண்டே சோதித்தால் அது வெளிப்படும். சக்கரப் பேரிங்கை மாற்றியபின் விளக்கு எரியத் தொடங்கினால், காந்த வளையமுள்ள பக்கம் தலைகீழாகப் பொருத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பழுது நீங்கியபின் குறியீட்டை அழித்து, வெறுமையான சாலையில் ஓட்டிப் பார்த்தாலன்றி வேலை முடிந்ததாகாது. விளக்கின் கம்பியைத் துண்டித்து அதனை அணைத்தல் பழுது நீக்கலன்று. காவலாளின் வாயைக் கட்டுதலாம்.

மலையிறக்கத்தில் இதன் எல்லை

திருமலையிலிருந்து திருப்பதிவரை இறக்கம் ஏறத்தாழ 700 மீட்டர். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 1 கோடி ஜூல். அது 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்து முழுவதும் ஆவியாக்கப் போதுமானது. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், இவ்வுஷ்ணத்தின் பெரும்பகுதியை அதுவே ஏற்க நேரும். பிரேக் ஆயில் என வழங்கும் திரவம் உண்மையில் எண்ணெயன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 4’ வகைத் திரவம் புதியதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 டிகிரிவரை இறங்கலாம். திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றினால், மிதி அடிவரை இறங்கும், பிரேக் பிடிக்காது. அப்போது ஏ.பி.எஸ். செய்யக்கூடியது யாதொன்றுமில்லை. அது மிகுந்த அழுத்தத்தைத் தளர்த்துமேயன்றி, இல்லாத அழுத்தத்தை உண்டாக்காது.

ஆதலின், இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையேனும் திரவத்தை மாற்றுதலும், தாழ்ந்த கியரில் என்ஜினின் தடையைத் துணைகொண்டு இறங்குதலும், மஞ்சள் விளக்கின் காரணத்தை மலையேறுமுன் சமவெளியிலேயே கண்டறிதலும் வேண்டும். ரேணிகுண்டாவில் செலவிடும் ஒரு மணி நேரச் சோதனை, வளைவில் வேண்டப்படும் ஒரு வினாடிக் காப்பைத் தரும்.