மூட்டு வலியும் கடை மாத்திரையும்

திருவாலங்காட்டு இரத்தின சபையில் இறைவன் திருவடியைத் தலைக்குமேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிறான். அவ்வூர்க் கரும்புக் கொல்லையிலும் நெல் வயலிலும் பாடுபடும் ஏழைக்கோ, ஐம்பது வயதைத் தாண்டினால் முழங்காலை மடக்கி நீட்டுவதே பெரும்பாடாகி விடுகிறது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே, மருந்துக் கடைக்குப் போய், "கால் வலிக்கு ஒரு செட்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பது தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் வழக்கமாகி விட்டது. அந்தச் செட்டில் இருப்பது இன்னதென்று வாங்குவோர் அறியார்.

இது சாமான்ய விஷயமன்று. டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் ஒருவகைப் பொருளை உடலில் உண்டாக வொட்டாமல் தடுக்கின்றன. அதே வகைப் பொருள்தான் இரைப்பையின் உட்புறத்தைக் காக்கிறது. சிறுநீரகத்திற்கு இரத்தம் செல்லவும் துணை செய்கிறது. நித்தியப்படி விழுங்கினால், வலியோடு இந்தக் காவலும் குன்றிவிடும். வயிற்றுப் புண், இரத்தப் போக்கு, இருதயத்திற்குத் தீங்கு ஆகியவை நேரக்கூடும். வெயிலில் வேர்த்து நீர் வற்றிய உடம்பினர்க்கும், இரத்தக் கொதிப்புக்கு மருந்துண்போர் பலருக்கும் சிறுநீரகம் பழுதாகும் அபாயம் அதிகம். சாதுவென்று கருதப்படும் பாராசிட்டமாலும், ஒரு நாளில் 4 கிராமை மீறினால் கல்லீரலைக் கெடுக்கக் கூடியதே.

டைக்ளோஃபினாக் மாத்திரையை டாக்டரின் சீட்டின்றி விற்கலாகாதென்று 1945-ம் வருஷத்து மருந்து விதிகள் கூறுகின்றன. விதி ஏட்டில் இருக்கிறது, கடைத்தெருவில் காணோம். ஆயினும், கடைக்காரரைத் தண்டிப்பதால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும் வரையில், ஏழை கடைக்குத்தான் போவான்.

மூட்டுத் தேய்வுக்கு முதலில் நாடத்தக்கவை தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் மேற்பூச்சு மருந்துமேயாம். மாத்திரை அவசியமாயின், குறைந்த அளவில், குறைந்த நாளைக்கு, டாக்டரின் மேற்பார்வையில் உண்பதே நன்று. மலம் கருத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், கால் வீங்கினாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

2021-ல் தமிழக சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அந்நோக்கம் சரியானதே. கூலிக்காரர் வேலை முடிந்து திரும்பும் மாலை வேளையில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வலிக்கெனத் தனிச் சிகிச்சை கிடைக்கச் செய்வது அடுத்த படியாகும். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்களென்று ஏழைகளுக்கு உபதேசிக்க நாம் முன்வரவில்லை. அவர்கள் வலி தீரவேண்டும்; அதற்கு விலையாக அவர்கள் சிறுநீரகத்தைப் பறிகொடுக்கலாகாது என்பதே நம் கோரிக்கை.