கொல்லிமலைக்கு வேலைக்கு வருபவர் அங்கேயே நிலைக்க என்ன வேண்டும்? - ஒரு விளக்கம்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, புதிதாக வேலைக்குச் சேர ஒரு செவிலியரோ ஆசிரியரோ கொல்லிமலை ஏறுகிறார். மேலே வந்ததும் அவர் மனதில் எழும் முதல் கேள்வி: "இன்னைக்கு ராத்திரி எங்க தங்குறது?"

இதற்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் பாதி பிரச்சனை முடிந்தது. இல்லையென்றால், அன்றிலிருந்தே இடமாறுதல் யோசனை தொடங்கிவிடும்.

ஆள் மாறினால் யாருக்கு நஷ்டம்?

நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். புது செவிலியர் வரும்போதெல்லாம் கர்ப்பிணி தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வாத்தியார் மாறினால் பிள்ளைகள் மறுபடி பழக வேண்டும். அவர்களிடம் உண்டாகும் நம்பிக்கை, மாறுதல் உத்தரவோடு இறங்கிப் போய்விடுகிறது.

சலுகை கொடுத்தால் போதாதா?

தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு, முதுநிலை நுழைவுத் தேர்வில் ஆண்டுக்கு 10%, அதிகபட்சம் 30% வரை ஊக்க மதிப்பெண் வழங்க மருத்துவக் கல்வி விதிமுறைகளில் இடம் உண்டு. இது ஆட்களை மலைக்கு வரவழைக்கும். ஆனால் சீட் கிடைத்ததும் கிளம்ப வேண்டியதுதானே? சலுகை கூட்டி வரும். தங்கவைக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது?

2010-ல் வெளியிட்டு 2021-ல் புதுப்பித்த வழிகாட்டுதலில், கிராமப் பின்னணி கொண்டவர்களைப் படிக்கவைப்பது, நல்ல வாழ்க்கை வசதி, பாதுகாப்பான பணியிடம், பதவி உயர்வு வாய்ப்பு ஆகியவற்றைச் சேர்த்தே செய்யச் சொல்கிறது. பணம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

உள்ளூர் ஆட்களை எடுப்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். அவர்களுக்கு ஊரைப் பழக்க வேண்டியதே இல்லை.

முதல் மாதத்தில் என்ன செய்யலாம்?

* சேரும் நாளுக்கு முன்பே பூட்டும் தண்ணீரும் உள்ள அறை தயாராக இருக்கட்டும்.
* கூடவே வந்து ஊர் காட்ட ஒரு மூத்த ஊழியர் வேண்டும். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு என ஊராட்சிகள் பரந்து கிடக்கின்றன. எந்தக் குக்கிராமம் எங்கே, கடைசி பஸ் எப்போது, சந்தை என்றைக்கு, எங்கே செல்போன் சிக்னல் கிடைக்கும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.
* முதல் சம்பளம் தாமதமாகக் கூடாது.
* ஒரு மாதம் முடிந்ததும் மேலதிகாரி உட்கார்ந்து கேட்க வேண்டும்: "என்ன கஷ்டமா இருக்கு?" கேட்டதில் ஒன்றையாவது சரி செய்ய வேண்டும்.

கம்பெனிகளுக்கும் இது பொருந்துமா?

நிச்சயமாக. கொல்லிமலையிலிருந்து இறங்கி மில் வேலைக்குப் போகும் இளைஞருக்கும் அதே கேள்விதான்: எங்கே தங்குவது, யாரிடம் கேட்பது? "பசங்க நிக்கவே மாட்டேங்கிறாங்க" என்று சலித்துக்கொள்ளும் முன், அவர்களின் முதல் நாள் எப்படி இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். பல நேரங்களில் காரணம் அங்கேதான் இருக்கும்.